சமையலறை ஜன்னலை நோக்கி நகர்ந்த பெட்டி

சனிக்கிழமைகளில் நான் வெங்காயம் நறுக்க நிற்கும் நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு மோட்டார்ஹோமின் சுவர் என் ஜன்னலை நோக்கி நகரத் தொடங்கும். முதலில் ஒரு முனகல் கேட்கும், மிக்ஸியில் கெட்டிச் சட்னி அரைபடுவது போல. அப்புறம் வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி பிதுங்கி, அவசரமே இல்லாமல் வெளியே வரும். வேலிக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கும். அது வந்து நின்றுவிட்டால் என் பாத்திரத் தொட்டிக்கு மேலே தெரியும் வானத்தில் பாதிதான் மிச்சம். கண்ணில் நீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

மோட்டார்ஹோம் என்றால் கட்டிலும் அடுப்பும் வைத்த வீட்டு வண்டி; நிறுத்திய பிறகு உள்ளே இடம் பெரிதாக வேண்டும் என்பதற்காக இப்படி ஓர் ஏற்பாடு. ஸ்லைட்-அவுட் என்பார்கள். நாங்கள் பெட்டி என்றே சொன்னோம். சோபாவும் சாப்பாட்டு மேசையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வண்டிக்குள் இருக்கும் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் ஹைட்ராலிக் பம்ப் ஓடி, எண்ணெயின் அழுத்தத்தில் பெட்டி வெளியே போகும். கையை எடுத்தால் நிற்கும். எதிரே மரக்கிளை இருக்கிறதா, கார் கண்ணாடி இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தள்ளு என்றால் தள்ளும். அதனால் இடுக்கான இடத்தில் அதை விரிக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஒருவர் சுவிட்சைப் பிடிக்க, வெளியே ஒருவர் நின்று இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே நின்றவள் என் பக்கத்து வீட்டுக்காரி. வெளியே நின்றவர் என் கணவர்.

நகரத்தின் தெற்கே தகனினியில் நாங்கள் வாங்கியது புது வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுவாக, கார் போகும் டிரைவ்வே ஒன்றுதான். அது முடிகிற இடத்தில், எங்கள் வேலியை ஒட்டி அவள் பக்கத்தில் நீளமாக ஒரு சிமெண்டுத் தரை. எங்கள் சமையலறை கொஞ்சம் மேட்டில் இருப்பதால் ஜன்னல் வழியே வேலிக்கு மேலாக அந்தத் தரை முழுவதும் தெரியும். வீடு பார்க்க வந்தபோது இதை ஒரு வசதி என்று நினைத்தேன். நல்ல வெளிச்சம் வரும் என்று மார்ட்கேஜில் கையெழுத்துப் போட்டோம்.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. ஒடாஹுஹுவில் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு வழக்குப் பார்க்கிறாள். கணவரோடு ஒத்துவராமல் பிரிந்து பல வருடம் ஆயிற்று. மகன் கடல் தாண்டி மெல்போர்னில். அவளுக்கும் என் வயதுதான், ஆனால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அதை நம்புவதில்லை. இந்த ஊர்க் குளிரில் என் கறிவேப்பிலைச் செடி ஒவ்வொரு வருடமும் வெறும் குச்சியாகிவிடும். அவளுடையது தளதளவென்று நிற்கும். அதிலிருந்து ஒரு கொத்து ஒடித்து வேலிக்கு மேலே நீட்டவும் செய்வாள். கொடுக்காமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். மோட்டார்வேயில் நுழையப் பயந்துகொண்டு, சிக்னல் சிக்னலாக நின்று உள்சாலையிலேயே வேலைக்குப் போகிறவள். அவளோ அந்த மோட்டார்ஹோமை வாங்கிய அன்று வடக்கே எங்கிருந்தோ, ஹார்பர் பிரிட்ஜையும் தாண்டி, தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒரு சின்ன பஸ் அளவு இருந்த வண்டியை ரிவர்ஸிலேயே டிரைவ்வேக்குள் ஏற்றி, வேலியை உரசாமல் நிறுத்தினாள். இறங்கும்போது கையில் காபிக் கோப்பை வேறு. எனக்குக் காதில் புகை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

என் கணவர் பனியனோடு வெளியே ஓடினார். அவர் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறார். வாரத்தில் பாதி நாள் மாடி அறையில் ஹெட்போனோடுதான் குடித்தனம். தபால் பெட்டி வரை போய் வாருங்கள் என்றாலே 'மீட்டிங் இருக்கு' என்கிற மனிதர். மகள் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த அன்றைக்குப் பிறகு அவரை நான் அவ்வளவு வேகத்தில் பார்த்ததில்லை.

"பெட்டியை இதுக்குள்ள விரிக்க ஏலுமோ எண்டு தெரியேல்லை," என்றாள் அவள், வண்டிக்கும் வேலிக்கும் நடுவே இருந்த இடுக்கைக் காட்டி. "வாரத்தில ஒருக்காவாவது திறந்து காத்தாட விடவேணும். இல்லாட்டி இந்த ஊர் ஈரத்துக்கு உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சிடும்."

"அளந்து பாத்துட்டாப் போச்சு," என்றார் இவர்.

கராஜில் டேப் இருந்தது. ஆனால் இவர் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து என் மாப்பை எடுத்தார். பெட்டி எவ்வளவு தூரம் வெளியே வரும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து, அதோடு ஒரு சாண் சேர்த்து, மாப்பின் தலையை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டுக் கம்பை மட்டும் அந்த நீளத்துக்கு வைத்துக்கொண்டார். கம்பின் ஒரு முனையை வண்டியில் வைத்து, மறுமுனை வேலியை இடிக்காமல் இருந்தால் பெட்டியை விரிக்கலாம். இடித்தால் வண்டியைத் தள்ளி நிறுத்த வேண்டும். கம்பு வேலியை இடிக்கவில்லை. நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் மாப். அந்த வாரம் முழுக்க நான் மண்டியிட்டுக் கையால் தரை துடைத்தேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அதுதான். பம்ப் அவள் காலடியிலேயே இரைவதால் வெளியே பேசுவது உள்ளே சரியாகக் கேட்காது. அதனால் இருவரும் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். கம்பால் வண்டியில் ஒரு தட்டு தட்டினால் தள்ளு என்று அர்த்தம். இரண்டு தட்டினால் நிறுத்து. இதை அவர்கள் பேசி முடிவு செய்தபோது நான் துணி உலர்த்திக்கொண்டு நின்றேன். அவள் என்னையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தட்டேலாமப் போனால் பேர் சொல்லிக் கத்த வேணும். என்னைக் கூப்பிடுறதெண்டாலும் பேர் சொல்லித்தான். அந்த நேரத்தில 'இஞ்சாருங்கோ', 'ஏங்க' எண்டுகொண்டு நிண்டால் ஆள் முடிஞ்சுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவரும் சிரித்தார்.

அந்த 'ஏங்க' எனக்காகச் சொன்னதுதான். நான் என் கணவரின் பெயரைச் சொல்வதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கு நீளமான பெயர், அவர் ஊர்க் கோயில் சாமியின் பெயர். விசாவுக்கும் வீட்டுக் கடனுக்கும் எத்தனையோ தாள்களில் அதைக் கை வலிக்க எழுதியிருக்கிறேன். டாக்டரின் கிளினிக்கில் வரவேற்புப் பெண் கேட்டால் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வேன். அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டுத் தப்புத் தப்பாக வாசிப்பாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். இதெல்லாம் பெண்ணடிமைத்தனம் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு அது கூச்சம். பத்துப் பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொள்வதற்குச் சமமான ஒரு கூச்சம்.

அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆபீசில் வெள்ளைக்காரர்களோடு பழகிய பழக்கம், எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பெட்டியை விரிக்கும் முன் வண்டி வாசலில் நின்று அவர் பெயரை முழுசாக, ஓர் எழுத்தும் விழுங்காமல் சொல்லி, "ரெடியோ?" என்பாள். நான் இத்தனை வருடம் வாய்க்குள் பொத்தி வைத்திருந்த பெயர் வேலிக்கு மேலே பறந்து வரும். அவரோ கூப்பிட்ட மறு நொடி நிமிர்ந்து, வாயெல்லாம் பல்லாக, "ரெடி ரெடி!" என்பார்.

நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவருக்கு மூன்று 'ஏங்க' தேவைப்படும். ஒருமுறை தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கடற்கரைக்குப் பிக்னிக் போயிருந்தோம். புளியோதரைத் தூக்கு காரிலேயே இருந்துவிட்டது. தண்ணீர் ஓரமாக நின்ற ஆண்கள் கூட்டத்தைப் பார்த்து "ஏங்க!" என்று கூப்பிட்டேன். நாலு பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஜன்னல் வழியே பார்ப்பேன். பெட்டி நின்ற பிறகு அவர் கம்பை அதற்கும் வேலிக்கும் நடுவே காட்டி ஏதோ சொல்வார். அவள் எட்டிப் பார்த்து ஏதோ சொல்வாள். சிரிப்பார்கள். உடனே நான் ஜன்னலைத் தள்ளித் திறந்து, "ஏங்க, காபி ஆறுது!" என்பேன். பல நாள் காபி போட்டிருக்கவே மாட்டேன். அவர் திரும்பாமலே "ம், வர்றேன்" என்பார். அரை மணி கழித்து வருவார்.

"அப்படி என்ன சிரிப்பு அங்க?"

"சும்மா பேசிட்டிருந்தோம்."

"எங்கிட்டயும்தான் சும்மா பேசலாம்."

"பேசிட்டுத்தானே இருக்கேன்," என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

ஒரு நாள் சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். "ஓம்," என்றார், அவள் ஊர்ப் பேச்சில். மதுரைப் பக்கத்து மனிதர். பிறந்ததிலிருந்து 'ஆமா' என்று சொன்ன வாய். நான் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு எழுந்து போனேன். என்ன தப்பாகிவிட்டது என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

டனீடனில் படிக்கும் மகளிடம் வீடியோவில் இதைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று இல்லை, தானாக வந்துவிட்டது. "அம்மா, யூ ஆர் ஜஸ்ட் ஜெலஸ்," என்றாள், நூடுல்ஸ் தின்றபடி. ஆமாம், அதுதான். அதற்கு ஒரு ஜஸ்ட் எதற்கு என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குள் தப்பாக எதுவும் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்படி இருந்திருந்தால் சண்டை போட வழி இருந்திருக்கும். என் வீட்டில் யாருக்கும் கிடைக்காத ஒரு மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் வாரா வாரம் ஒரு மணி நேரம் உயிரோடு உலாவிக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தகாலம் வந்தது. அவள் இந்த நாட்டுக் கோரமாண்டல் பக்கம் கடலோரமாக ஒரு வாரம் போய்வரத் திட்டம் போட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கிண்ணம் கட்லட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோவன். பின்பக்கக் கட்டிலை நீங்கள் எடுங்கோ, நான் சோபாவில படுப்பன். பெட்டியைத் திறந்தால் இடம் தாராளமாக் காணும்."

நான் லேபில் லீவு கிடைக்காது என்றேன். அவள் போன பிறகு இவர், "போனா நல்லாத்தான் இருக்கும்ல," என்றார்.

"அப்ப நீங்க போங்க. ஓம்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். கட்லட்டைத் தொடாமல் மாடிக்குப் போய்விட்டார். நான் கோபத்தில் மூன்று கட்லட் தின்றேன். நன்றாகவே இருந்தது, அதுவும் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நல்ல காற்று. வேலிப் பலகைகள் கடகடவென்று ஆடின. அவர் கம்பை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை பயணம் என்பதால் அவள் பெட்டியை விரித்து உள்ளே துடைத்து, சாமான் ஏற்ற வேண்டும். நான் புக்கெகோஹியிலிருந்து வாங்கி வந்த வெங்காய மூட்டையைப் பிரித்து ஜன்னல் முன்னால் நின்றேன். அவள் வழக்கம் போல அவர் பெயரைச் சொல்லி, "ரெடியோ?" என்றாள். "ஒரு நிமிஷம்," என்றார். அவள் உள்ளே சுவிட்சுக்குப் போய்விட்டாள்.

அவர் வண்டிக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் போய், கம்பை வைத்து அளந்தார். சரியாக இருந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டார். கீழே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கக் குனிந்தபோது, சட்டைப் பையில் இருந்த மூக்குக் கண்ணாடி நழுவி வேலியோரப் புல்லில் விழுந்தது. அதைத் தேட வேண்டி கம்பை வண்டியின் மேல் சாய்த்து வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது ஒன்றும் தெரியாது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து புல்லைத் துழாவினார்.

காற்று ஒரு தடவை வேகமாக அடித்தது. சாய்த்து வைத்த கம்பு சரிந்து வண்டியின் பக்கவாட்டில் 'டக்' என்று மோதியது.

ஒரு தட்டு.

பம்ப் முனகத் தொடங்கியது. வெள்ளைச் சுவர் அசைந்தது. அது வேகமாக வருகிற சாமான் இல்லை. குழந்தை தவழ்கிற வேகம்தான் இருக்கும். ஆனால் சந்தின் ஒரு பக்கம் கராஜ் சுவர் அடைத்திருந்தது. வெளியே வர மறுபக்கம் மட்டும்தான் வழி. அவர் நடுவில் குனிந்து நின்றார். அவர் முதுகு பெட்டியின் உயரத்துக்கு இருந்தது. பெட்டி முழுதாக வந்து நிற்கும்போது அதற்கும் வேலிக்கும் நடுவே மிச்சம் இருக்கப் போவது ஒரு சாண்.

ஜன்னலைத் தள்ளினேன். "ஏங்க!"

"ம், வர்றேன்," என்றார். திரும்பவில்லை.

"ஏங்க! வெளிய வாங்க!"

"வர்றேன்னு சொன்னேன்ல." எரிச்சலான குரல். கை புல்லுக்குள்ளேயே இருந்தது. அவர் காதில் விழுந்தது காபி. எத்தனை சனிக்கிழமை காபி என்று கூப்பிட்டிருக்கிறேன், அவர் சிரிப்பை நிறுத்துவதற்காக. வண்டிக்குள் இருந்தவளுக்கும் அது காபிதான்.

கத்தியை எப்போது கீழே போட்டேன் என்று தெரியாது. வயிற்றிலிருந்து வந்தது அந்தப் பெயர். முழுப் பெயர், சாமி பெயர், ஓர் எழுத்துக் குறையவில்லை. அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. பிரசவத்தில்கூட 'அம்மா' என்றுதான் கத்தியதாகச் சொன்னார்கள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். நிமிர்ந்த தோளில் பெட்டி பட்டது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வேலியோடு வேலியாக ஒட்டி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து, சந்தின் வாய்க்கு வந்து விழுந்தார். அதே நேரம் 'படக்' என்று ஒரு சத்தம். வேலியில் ஒரு முனையும் பெட்டியில் ஒரு முனையுமாகச் சிக்கியிருந்த என் மாப்புக் கம்பு இரண்டாக உடைந்தது. பெட்டி நின்றது.

நான் செருப்பில்லாமல் ஓடினேன். அவள் அதற்குள் இறங்கி வந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. உடைந்த கம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ர ஆண்டவரே. தட்டின சத்தம் கேட்டுது. நீங்கள்தான் தட்டினனீங்கள் எண்டு நினைச்சன்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "பேர் கேட்டு ஒருக்காத் திகைச்சுப் போய்த்தான் கையை எடுத்தனான். ஆரோ வேற ஆள் கத்துது எண்டு பயந்திட்டன். நீங்களோ கூப்பிட்டது?"

நான் தலையாட்டினேன். கையில் வெங்காய வாசனை. அவர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கி, யாரோ புதிதாக வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சாயங்காலம் அவருடைய தோளில் தைலம் தேய்த்தேன். கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான். தைல டப்பியை மூடும்போது அவராகவே பேசினார்.

"ஆபீஸ்ல எம்பேரு அவனுக வாய்ல நுழையல. வந்த மொத வாரமே வெட்டிப் பாதியாக்கிட்டானுக. நாய்க்குட்டிக்கு வைக்கிற பேரு மாதிரி இருக்கும். பாப்பாக்கு நான் அப்பா. உனக்கு ஏங்க." சட்டையைப் போட்டுக்கொண்டார். "அம்மா ஒருத்திதான் முழுசாச் சொல்லுவா. அவ போனப்புறம் இந்த ஊர்ல எம்பேரைக் கேக்கவே இல்ல. இவங்க வந்துதான் சொன்னாங்க. மொத நாள் கேட்டதும் யாரைக் கூப்பிடறாங்கன்னே தெரியல எனக்கு."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. கோபம்தான். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா என் மாப்பை வெட்டினீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அது சின்ன விஷயமாக இருந்திருந்தால் நான் எப்போதோ செய்திருப்பேன். அவளுக்கு ஒரு செலவும் இல்லாமல் வந்த பெயர். எனக்கு அவர் சாகப் போகிறார் என்று தெரிந்தபோதுதான் வந்தது. கறிவேப்பிலையைவிட, வண்டியைவிட, மோட்டார்வேயைவிட, இதற்குத்தான் அவள் மேல் எனக்கு அதிகமாக வயிறு எரிந்தது.

"திரும்ப ஒரு தடவை சொல்லு," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"போங்க," என்றேன். நாக்கு எழவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் தனியாகவே கிளம்பினாள். அந்த வாரம் என் ஜன்னலில் முழு வானமும் இருந்தது. அது எனக்கு அவ்வளவு ஒன்றும் சந்தோஷம் தரவில்லை. சமையலறையில் யாரும் இல்லாதபோது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில்.

அவள் திரும்பி வந்த பிறகு வந்த சனிக்கிழமை, இவர் ஒரு புதுக் கம்போடு போனார். இந்த முறை கடையில் வாங்கியது. இனிமேல் அவர் கம்பைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை, சந்துக்குள் ஆள் இருக்கும்போது அவள் சுவிட்சுக்குப் போவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். நான் ஜன்னலில் நின்றேன். வெங்காயம்கூட எடுக்கவில்லை. அவள் வண்டி வாசலில் வந்து நின்றாள். அந்தப் பெயர் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அண்ணை, ரெடியோ?" என்றாள்.

அவர் உடனே நிமிரவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வேலிக்கு மேலாக என் ஜன்னலைப் பார்த்தாள். லேசாகத் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெயரையும் கறிவேப்பிலை கொடுக்கிற மாதிரியே எனக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் இருந்தது. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று தெரியாது. அதோடு, "ரெடி," என்று அவர் சொன்ன குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. அதையும் கேட்டேன். இனி இந்த ஊரில் அவர் பெயரைச் சொல்ல அவளும் இல்லை.

பெட்டி முனகிக்கொண்டு வந்து, வேலிக்கு ஒரு சாண் விட்டு நின்றது. அவர் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்கு வெளியே நின்றிருந்தார். நான் காபி கலந்தேன், இந்த முறை நிஜமாகவே. ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். குழாய் மூடியிருந்தது, காற்றுகூட இல்லை, தெருவுக்கே கேட்கும். கேட்கட்டும் என்று அவர் பெயரைச் சொல்லி, "காபி ஆறுது," என்றேன்.

முதல் தடவையிலேயே திரும்பினார்.